கல்லுக்கு ஒரு படம்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. எனக்கு அடுத்த மேஜையில் நடந்தது. நடந்ததை அப்படியே எழுதினால் போதும் என்று உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்.

‘கனடாவின் தண்டர் பே நகரத்தில் ஏப்ரல் வந்தும் மண் இன்னும்…’ (வானிலை அறிக்கை மாதிரி இருக்கிறது. விட்டேன்.)

‘கெய்யோ செத்த பிறகும் ஊரெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார்.’ (கேட்க நன்றாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகம் வருகிறது. ஆனால் உண்மை, இருக்கட்டும்.)

நானும் ஐலாவும் மர்ரே நடத்தும் சின்ன டிசைன் ஆபீஸில் வேலை பார்க்கிறோம். துண்டுப் பிரசுரம், பேருந்து நிறுத்த விளம்பரம், இப்படி. படங்களை நாங்கள் எடுப்பதில்லை. சந்தா கட்டி, இணையத்தில் உள்ள ஒரு படக்கிடங்கிலிருந்து உரிமத்தோடு எடுத்துக்கொள்வோம். ஐலாவின் கணவர் கெய்யோ லாரி ஓட்டியவர். அந்தக் கிடங்குக்குப் படம் எடுக்கும் ஒருவர் ஒரு கோடையில் ‘சாதாரண முகங்கள்’ தேடி ஊருக்கு வந்தார். ஐலா புருஷனைப் பிடித்து அவர் முன்னால் தள்ளிவிட்டாள். பிறகு எந்த வேலையில் ஆண் முகம் தேவைப்பட்டாலும் அவரையே வைத்தாள். காதுக் கருவிக்கு அவர். ஓய்வுக்காலச் சேமிப்புக்கு அவர்.

ஒரு நாள் மதியம் கையில் ஒரு பிரசுரத்தோடு ஆபீஸுக்கே வந்து நின்றார்.

“ஏன்டி, மலச்சிக்கல் மாத்திரைக்கு என் மூஞ்சிதான் கெடச்சுதா?”

“உன் மூஞ்சியைப் பாத்தாலே அது தெரியுது. நான் என்ன பண்ண?”

“பெட்ரோல் பங்க்ல ஒருத்தன் இப்ப எப்படி இருக்குன்னு விசாரிக்கிறான்!”

2

ஜனவரியில் இறந்தார். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் குளிர்காலத்தில் குழி வெட்டுவதில்லை. மண் இளகும்வரை பெட்டியைக் கல் அறையில் வைத்திருப்பார்கள். மே மாதம் அடக்கம், அன்றைக்கே கல். அந்தக் கல்லில் அவர் வாய்விட்டுச் சிரிக்கும் முகத்தைப் பொறிக்க வேண்டும் என்பது ஐலாவின் ஆசை. அப்படிச் சிரித்தது கிடங்குப் படங்களில் மட்டும்தான். படம் எடுத்தவருக்குப் பின்னால் நின்று முகத்தில் வெளிச்சம் திருப்பும் தட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த ஐலாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. வீட்டுப் படங்களில் எல்லாம் கையால் முகத்தை மூடிக்கொண்டிருப்பார்.

அவள் அவசரப்படவில்லை. படம் கிடங்கில்தானே இருக்கிறது, எங்கே போகப்போகிறது? எங்கள் தொழிலில் யாரும் கிடங்குப் படத்தைச் சொந்தக் கணினியில் சேர்த்துவைப்பதில்லை. திருத்திய படத்தைக்கூட அங்கேயேதான் வைப்போம். ஆபீஸ் கணினியில் வைத்தால் மர்ரே இடம் அடைகிறது என்று கத்துவார்.

மார்ச்சில் கிடங்கு கை மாறியது. எங்களைப் போன்ற சில்லறைச் சந்தாக்காரர்களைக் கழித்துக் கட்டிவிட்டார்கள். ஐலா பழைய வேலை ஒன்றைத் திறந்தாள். கெய்யோ இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் இருந்தது.

(இந்த இடத்தில் ‘ஐலா அழுதாள்’ என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. திரையைத் துடைத்தாள்.)

3

புதிய நிறுவனத்துக்குப் போன் செய்தாள். பேசிய பெண்ணைப் பொல்லாதவளாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. நல்ல பெண்தான்.

“எதுக்குப் பயன்படுத்தப் போறீங்க மேடம்?”

“கல்லறைக் கல்லுக்கு.”

“எத்தனை பிரதி?”

“ஒண்ணு.”

“எவ்ளோ காலத்துக்கு?”

ஐலா என்னைப் பார்த்தாள். “எப்பவுமே,” என்றாள்.

அந்தப் பெண் கொஞ்சம் தேடிவிட்டு, அந்தப் படங்களே இப்போது தங்களிடம் இல்லை, மொத்தமாக நீக்கியாகிவிட்டது என்றாள். சொல்லும்போதே அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது. படம் எடுத்தவரைத் தேடினோம். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மர்ரே ஆறுதல் சொல்ல வந்தார். “கவலப்படாத தாயே. இப்பல்லாம் கம்ப்யூட்டர்கிட்ட கேட்டா எந்த மூஞ்சி வேணும்னாலும் வரைஞ்சு குடுக்குது.”

“எனக்கு எந்த மூஞ்சியோ வேணாம் மர்ரே. போய் வேலையைப் பாரு.”

4

அச்சடித்த பிரசுரங்கள் இருந்தன. பெரிதாக்கினால் முகம் புள்ளி புள்ளியாகப் பிரிந்தது. கல்லில் பொறிப்பவர் வந்து பார்த்தார். “நாங்களும் புள்ளி புள்ளியாத்தான் கொத்துவோம். இதுவே தாராளம். ஒண்ணை எடுத்துக் குடுங்க.”

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். நான் முடித்தும் வைத்திருந்தேன்.

ஐலா இரண்டு பிரசுரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் கெய்யோவின் உடைந்த பல் இடப்பக்கம். இன்னொன்றில் வலப்பக்கம். மற்றவற்றையும் பரப்பினாள். பாதி அப்படி, பாதி இப்படி.

பக்கத்தின் ஓரத்தில் ஒரு முகம் வைத்தால் அது எழுத்தைப் பார்த்திருக்க வேண்டும், வெளியே பார்க்கக் கூடாது. இது எங்கள் தொழிலில் முதலில் படிக்கும் பாடம். வெளியே பார்த்தால் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகப் புரட்டிவிடுவோம். ஐலா தன் புருஷனை வருஷக்கணக்காகப் புரட்டியிருக்கிறாள்.

(சட்டைப் பொத்தானை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். டீ-சர்ட். மோதிரம்? தோளுக்குக் கீழே வெட்டிய படங்கள். தலைவகிடு? கம்பளித் தொப்பி. நாங்களும் எல்லாம் பார்த்தோம்.)

“எந்தப் பக்கம்டி?” என்று என்னைக் கேட்டாள்.

எத்தனையோ முறை என் எதிரில் உட்கார்ந்து காபி குடித்த மனிதர். எனக்குத் தெரியவில்லை. அவருடைய லாரிக் கூட்டாளி இடது என்றார். கூட்டாளியின் மனைவி வலது என்று சண்டைக்கு வந்தாள்.

“பல் டாக்டர்கிட்ட கேட்டா சொல்லிடுவாங்க ஐலா.”

“முத்தம் குடுத்த வாயி. அது எப்படி இருந்துச்சுன்னு நான் க்ளினிக்ல போய்க் கேக்கணுமா? வெக்கமா இருக்குடி. செத்துடலாம் போல இருக்கு.”

அப்போதுதான் அழுதாள்.

5

மூன்று முடிவுகள் எழுதினேன். இடது என்று ஒன்று. வலது என்று ஒன்று. மூன்றாவதில் அவளுக்குத் தெரியாமல் நானே க்ளினிக்குக்குப் போன் செய்கிறேன். அதில் எண்ணை அழுத்தும்வரை எழுதினேன், அதற்கு மேல் போகவில்லை. அவளுக்கு மறந்தது எனக்குத் தெரிந்திருப்பது என்ன நியாயம்?

திங்கட்கிழமை கல்காரர் வருகிறார். இரண்டு பிரசுரங்களும் அவள் மேஜைமேல் கிடக்கின்றன. என்னால் முடியவில்லை. நீங்கள் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுங்கள். வாங்கிப் பார்த்துவிட்டு, “ஆமா, இவர்தான்,” என்பாள். நீங்கள் எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் சொல்வாள்.