பொப்பி அடைகாத்த மாவு

ஹாரிஸ்மித் ஊரில் ஒரு மலைப்பாம்பு, ஒரு சட்டி மாவை அடைகாத்து இருநூறு ரஸ்க் பொரித்தது என்று ஸ்டோஃபல் சொல்லாத ஆள் இல்லை. யாராவது சிரித்தால் அவர்களுக்கு மட்டும் ஐநூறு என்பார்.

பாம்பு அவருடையதுகூட இல்லை. மகள் எல்னா நியூசிலாந்துக்குக் குடிபோனபோது விட்டுப்போனது. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சாது, பெயர் பொப்பி. மனைவி ரீனி அதை வீட்டில் வைக்க ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: பெட்டியை விட்டு ஒரு தடவை வெளியே வந்தாலும் மறுநாளே பாம்புக் கடைக்குப் போய்விட வேண்டும். வந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல, எலக்ட்ரீஷியனான தன் தம்பி கோபஸை நியமித்தாள். கோபஸுக்கோ பாம்பு என்றாலே பயம்.

முப்பது வருடம் ரயில் ஓட்டிய ஸ்டோஃபல், அந்தப் பாம்புக்காகப் பழைய டிவி அலமாரியைப் பிரித்து ஒரு மாளிகையே கட்டினார். சூடேற்றும் பாயை உள்ளே போட்டால் வயிறு வெந்துவிடும் என்று, அடிப்பலகைக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் பொருத்தினார். அந்தப் பக்கம் வெதுவெதுப்பு, மறுபக்கம் இதமான குளிர்ச்சி, நடுவே பாம்பு நுழைய ஓட்டை வைத்த தடுப்புப் பலகை. இரண்டிலும் நுழைந்துகொள்ள ஒவ்வொரு பொந்து. சூடு எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள தெர்மோஸ்டாட். கண்ணாடிக் கதவுகளுக்குப் பூட்டு. சாவி சமையலறை ஆணியில். மின்சாரம் போனால் பெட்டிக்கு மட்டும் தனி பேட்டரி. அதில் ரக்பி பார்க்கக்கூட மனுஷர் விடவில்லை.

"இந்த பேட்டரி அரை நாள் தாங்காது அத்தான்," என்றான் கோபஸ். "காட்டுல கிடக்கிற பாம்புக்கெல்லாம் யாரு ஹீட்டர் போட்டா?"

"காட்டுல கிடக்கிற எலக்ட்ரீஷியனுக்கு யாருடா கால்சட்டை மாட்டிவிட்டா?" என்றார் ஸ்டோஃபல்.

அந்த ஊரில் ஜூலைதான் நடுக்குளிர்காலம். அப்போது யாரோ மின்கம்பியை அறுத்துக்கொண்டு போக, ஊரே இருண்டது. பிளாட்பெர்க் மலையில் பனி. கொடியில் காயப்போட்ட கால்சட்டை விறைத்துத் தானாகவே வாசலுக்கு நடந்து வந்தது என்பார் ஸ்டோஃபல். சூடு வெளியேறாதிருக்க, பெட்டியின் வெதுவெதுப்பான பக்கத்துக் கண்ணாடி மேல் வெளியிலிருந்து ஒரு பஞ்சு ரஜாய்ப் போர்வையைத் தொங்கவிட்டார். அதற்குப் பிறகும் இருப்புக்கொள்ளவில்லை. உட்காருவார், எழுவார், பேட்டரியைத் தொட்டுப் பார்ப்பார், வெப்பமானியைத் தட்டுவார், காபியை ஆறவிட்டு மறுபடியும் எழுவார்.

"ஏ மனுஷா, பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி நடக்காதே," என்றாள் ரீனி. அவளுக்கும் நிலைகொள்ளவில்லை. மறுநாள் சர்ச் சந்தை. சோம்பு போட்டுப் பிசைந்த ரஸ்க் மாவைச் சட்டியோடு கம்பளியில் குழந்தைபோலச் சுற்றி வைத்திருந்தாள். பொங்க வேண்டிய மாவு கல்லாய்க் கிடந்தது. வீட்டில் வெதுவெதுப்பான மூலையே இல்லை.

பிற்பகலில் கோபஸ் வந்தான். ஸ்டோஃபல் அவனுக்குக் காட்டுவதற்காகப் பெட்டியின் ரஜாய் இல்லாத பக்கத்தில் டார்ச் அடித்தார். பொந்து காலி. கீழே, மேலே, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால், எங்கும் பாம்பு இல்லை. பூட்டு திறந்து கிடந்ததைப் பார்த்ததும், வெளியேதான் போயிருக்கும் என்று முடிவுகட்டினார்.

கோபஸ் ஒரே தாவில் நாற்காலி மேல் ஏறினான். "போயிருச்சு! நான் சொன்னேனா இல்லையா? கடைக்காரனுக்கு போன் போடு அக்கா!"

ஸ்டோஃபல் தரையில் மண்டியிட்டார். இந்தக் குளிரில் தரையில் ஊர்ந்தால் பொப்பி பிழைக்காது. பிழைத்தாலும் வீட்டில் இருக்காது. செருப்பைக் கவிழ்த்தார், சோஃபாவைப் புரட்டினார், அடுப்புக்குப் பின்னால் முழங்கையை விட்டார். "பொப்பி, பொப்பி" என்று காது கேளாத பாம்பைக் கூப்பிட்டார். ரீனி மட்டும் அசையவில்லை. ஏப்ரன் நுனியை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"தேடாதே," என்றாள் கடைசியில். "பூட்டைத் திறந்தது நான்தான்."

"நீயா? எதுக்கு?"

"அது குளிர்ந்த பக்கத்துல தூங்கிக்கிட்டிருந்துச்சு. இந்தப் பக்கம் சும்மாதானே கெடக்குதுன்னு..." முடிக்காமல் போய் ரஜாயைத் தூக்கினாள்.

உள்ளே எனாமல் சட்டி, கம்பளியோடு. அதைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றி, மூடி மேல் தாடையை வைத்து, பொப்பி நிம்மதியாகக் கிடந்தாள். உப்பிய மாவு மூடியை மெல்ல உயர்த்த, அவள் தலையும் கூடவே உயர்ந்தது.

"முட்டையை இப்படித்தான் காக்கும்," என்றார் ஸ்டோஃபல். "பொம்பளப் பாம்பு."

"இது நடக்கல," என்றான் கோபஸ் நாற்காலியிலிருந்து. "நான் எதையும் பாக்கல."

ரீனி சாவியைக் கையில் எடுத்தாள். "நான் சொன்ன சொல் சொல்தான். பாம்பு வெளியே வந்துச்சா? நடுவர் நீ. நீ எதையும் பாக்கலன்னா, அது எங்க இருந்துச்சுன்னு எனக்கும் தெரியாது. கடைக்குத்தான் போகணும்."

ஸ்டோஃபல் டார்ச்சைக் கோபஸிடம் நீட்டினார்.

கோபஸ் ஒரு காலைத் தரையில் வைத்தான். பிறகு அடுத்த காலை. டார்ச்சை வாங்கி, கையை முழுதாக நீட்டி, கண்ணாடிக்குள் பார்த்தான். பொப்பி நாக்கை ஒரு தரம் நீட்டி இழுத்துக்கொண்டாள்.

"வெளிய வரல அக்கா. நீதான் அது வீட்டுக்குள்ள போயிருக்கே," என்றான். எச்சில் விழுங்கினான். "மாவைக் கட்டிப்பிடிச்சு அடைகாக்குது. எவன் கேட்டாலும் சொல்றேன், நடந்தது நெசம்."