முப்பது சிட்டம் மஞ்சள்

இலையுதிர் காலம் அழகு என்று சொல்கிறவர்கள் யாரும் கையில் துடைப்பம் பிடித்ததில்லை. எங்கள் தோட்டத்தில் இரண்டு பெரிய மரங்கள். காலையில் பெருக்கினால் மத்தியானத்துக்குள் மறுபடியும் கணுக்கால் வரை இலை. மாமாவுக்கு, அதாவது என் கணவரின் அப்பாவுக்கு, முட்டி வலி. குனிய முடியாது. தோட்டம் அவருடையது, குனிகிறவள் நான். இதுதான் எங்கள் வேலைப் பங்கீடு.

எனக்கு வேறு வேலையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பூ, பட்டை, வேர் இவற்றைக் கொண்டு கம்பளி நூலுக்குச் சாயம் போட்டு விற்கிறேன். அது என் தொழில். என் நாத்தனார் அதைப் பொழுதுபோக்கு என்பார். இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டபோது, ஒரு வருஷம் பார்க்கிறேன், ஓடவில்லை என்றால் திரும்ப வேலைக்கே போகிறேன் என்று எல்லார் முன்னாலும் வாயை விட்டுவிட்டேன். அந்த வருஷம் இந்த மாதத்தோடு முடிகிறது. நாத்தனார் தன் ஆபீஸில் எனக்கு ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

இந்த நேரம் பார்த்துத்தான் நூல் கடைக்கார அம்மா முப்பது சிட்டம், அதாவது முப்பது சுற்று நூல், கேட்டார். எல்லாம் ஒரே மஞ்சள். “வெள்ளிக்கிழமை காலையில வந்து எடுத்துக்கறேன். சரியா வந்தா வருஷம் பூரா உன்கிட்டதான். சொதப்பினா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்” என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஆக, நாத்தனாரின் நாற்காலியா என் சாய அடுப்பா என்பது இந்த முப்பது சிட்டத்தின் கையில்.

மஞ்சளுக்குச் செண்டுமல்லி. வேலி ஓரம் முழுக்க மாமா வளர்த்தது. எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. உறைபனி வரும் என்று ரேடியோவில் சொல்லும்வரை பூ அவருக்கு. சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்கு. திங்கட்கிழமை சாயங்காலம் சொன்னார்கள். விரல் மரத்துப்போகும்வரை பறித்தேன். நான்கு கூடை. மறுநாள் காலையில் பார்த்தால் செடியெல்லாம் கருகித் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வருஷத்து மஞ்சள் மொத்தமும் அந்த நான்கு கூடைதான்.

செவ்வாய் முழுக்க நூலைப் படிகாரத் தண்ணீரில் காய்ச்சி ஊறவைத்தேன். படிகாரம் ஏறாத நூலில் இந்த மஞ்சள் நிற்காது, கழுவினால் போய்விடும். பக்கத்து அடுப்பில் நான்கு கூடைப் பூவையும் வேகவைத்து வடிகட்டிக்கொண்டிருந்தபோது மாமா என் சாய ஷெட் வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா, ஒரு விஷயம் சொல்லணும்.”

“இலைதானே மாமா? பெருக்கறேன்.”

“இலை இல்லம்மா. அது வந்து…”

“மாமா, தலைக்கு மேல வேலை கிடக்கு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அப்புறம் சொல்லுங்க.”

போய்விட்டார். அப்பாடா என்று இருந்தது.

புதன்கிழமை காலையில் இரண்டு எவர்சில்வர் அண்டாவிலும் பூத்தண்ணீரை ஊற்றி, பதினைந்து பதினைந்தாக நூலை இறக்கினேன். கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது. பக்கத்திலேயே நிற்க வேண்டும். நிற்க விட்டால்தானே!

“ஏம்மா, டேலியா கிழங்கெல்லாம் இன்னும் மண்ணுக்குள்ளயே இருக்கு. இன்னிக்கு எடுக்கலைன்னா அழுகிடும்.”

“அடுப்புல நூல் இருக்கு மாமா.”

“அஞ்சே நிமிஷம்.”

மாமாவின் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? கிழங்கைத் தோண்டி, மண்ணை உதறி, தாளில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, எந்தப் பெட்டியில் எந்த நிறப் பூ என்று எழுதி ஒட்டுவதும் அதில் அடக்கம். ஒரு கிழங்கு தோண்டுவேன், ஓடி வந்து அடுப்பைத் தணிப்பேன், நூலைப் புரட்டுவேன், மறுபடி ஓடுவேன். நடுவில் கணவர் ஆபீஸிலிருந்து போன் செய்து, “எதுக்கு இவ்ளோ டென்ஷன்? ஒண்ணு ஒண்ணா செய்யேன்” என்றார். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு போனை வைத்தேன்.

பதினோரு மணிக்கு முதல் சிட்டத்தை எடுத்து அலசினேன். மஞ்சள் தண்ணீரோடு போனது. முதல் அலசலில் கொஞ்சம் போவது வழக்கம்தான். இரண்டாவது தடவை அலசினேன், இன்னும் போனது. மூன்றாவதில் என் கையில் இருந்தது பால் கலந்த டீயின் நிறம். இன்னொன்றை எடுத்தேன், அதுவும் அப்படித்தான். இரண்டு அண்டாவிலும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அதே டீ நிறம்.

பூதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். இருட்டுகிற நேரத்தில் பறித்தேன், பனி முன்னமே தொட்டிருக்கும். வேறென்ன காரணம் இருக்க முடியும்? ஒரு வருஷம் ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தது இந்தக் கழுநீருக்கா?

“ஏம்மா! பூண்டு நடறதுக்கு இந்தப் பாத்தியக் கொஞ்சம் கொத்திக் குடுத்துட்டுப் போயேன்!”

அவ்வளவுதான். எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம், இதை என் அம்மாவே சொல்வார். நூலையெல்லாம் வாரித் தொட்டியில் எறிந்தேன். பக்கெட்டால் மொண்டு மொண்டு இரண்டு அண்டாவையும் சாக்கடையில் கொட்டினேன். கடைசிச் சொட்டையும் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

மூச்சு விட்ட பிறகுதான் புத்தி வேலை செய்தது. பனி பட்ட பூ நிறம் மங்கும், ஆனால் இப்படிக் கழன்று ஓடாது. ஓடினால் அது படிகாரக் கோளாறு. படிகார டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன். படிகாரம் துவர்க்கும், நாக்கைப் பிடித்து இழுக்கும். இது கரித்தது. உப்பு. சாப்பாட்டுக்குப் போடுகிற சாதாரண உப்பு!

டப்பாவோடு தோட்டத்துக்குப் போனேன். “மாமா, இது என்ன?”

மாமா திருதிருவென்று விழித்தார். “படிகாரம்.”

“தின்னு பாருங்க.”

அவர் தின்னவில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். “ஹைட்ரேஞ்சியாவுக்குப் போட்டேம்மா” என்றார். பந்து பந்தாய்ப் பூக்கிற செடி அது. வேரில் படிகாரத்தைக் கரைத்து ஊற்றினால் ரோஸ் நிறப் பூ நீலமாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “எதிர் வீட்டுக்காரன் நீலமா வெச்சுக்கிட்டு என்ன அலட்டல் அலட்டறான் தெரியுமா? டப்பா காலியாயிடுச்சு. பாத்தா நீ கத்துவன்னு உப்பப் போட்டு வெச்சேன். வேற வாங்கி வெச்சிடலாம்னுதான்… மறந்துட்டேன். நேத்து உன்கிட்ட சொல்ல வந்தேன். நீ துரத்திட்ட.”

“உங்க நீலப் பூவுக்கு என் பொழப்பக் கெடுத்துட்டீங்களே மாமா! ஒரு வருஷம் மாமா! ஒரு வருஷம்!”

தெருவுக்கே கேட்டிருக்கும்.  மாமா உள்ளே போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வெளியே போனார். நல்லது, எங்காவது போகட்டும் என்று இருந்தேன். ஆத்திரம் தீராமல் இலையைப் பெருக்கினேன். பூண்டுப் பாத்தியைக் கொத்தினேன். கொத்தக் கொத்த அழுகை வந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது. பையிலிருந்து இரண்டு பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“படிகாரம். ஒரு கிலோ. நாலு கடை ஏறி இறங்கினேன். நாக்குல வெச்சே பாத்துட்டேன், துவர்க்குது.” உட்கார இடம் தேடி, டேலியா பெட்டிமேலேயே உட்கார்ந்தார். “அழாதம்மா. வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன். சாயம் நூல்ல ஏறலைன்னா அந்தத் தண்ணிலதானே இருக்கும்? எங்கயும் ஓடிடலையே. இன்னிக்கு நூலப் படிகாரத்துல போடு. நாளைக்கு அதே தண்ணிலயே இறக்கிடு. வெள்ளிக்கிழமைக்குக் காஞ்சிடும். நான் பக்கத்துலயே நின்னு கிண்டறேன், தோட்டத்துப் பக்கமே உன்னைக் கூப்பிட மாட்டேன்.”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நூல் அப்படியே இருந்தது. நாள் இருந்தது. படிகாரமும் வந்துவிட்டது.

“தண்ணி எங்கம்மா? ஷெட்லதானே?”

“கொட்டிட்டேன் மாமா.”

“கொட்டிட்டியா? எங்க?”

“சாக்கடையில. நீங்க பூண்டுப் பாத்திக்குக் கூப்பிட்டப்போ.”

மாமா கருகிய செண்டுமல்லிச் செடிகளைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதில் ஒரு பூ மிச்சமில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் நாத்தனார் போன் செய்தார். மாமா எதிரிலேயே இருந்தார்.

“என்னம்மா, நூல் என்னாச்சு? முடிஞ்சுதா?”

“கெட்டுப்போச்சுக்கா.”

“எனக்குத் தெரியும். அப்பாதானே? தோட்டம் தோட்டம்னு உன் உயிர வாங்கியிருப்பாரே. என்ன பண்ணித் தொலைச்சார்?”

போனிலிருந்து குரல் வெளியே நன்றாகக் கேட்டது. மாமா முட்டியைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். உப்பு என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாத்தனார் மீதியைப் பார்த்துக்கொள்வார், இந்த ஜென்மம் முழுக்கச் சொல்லிக்காட்டுவார்.

“மாமா ஒண்ணும் பண்ணலைக்கா. சரி பண்ணியிருக்கலாம். கோவத்துல நானே சாயத்த எல்லாம் கொட்டிட்டேன்” என்றேன். “திங்கக்கிழமை ஆபீஸுக்கு எத்தன மணிக்கு வரணும்?”