கஞ்சி போடாத சட்டை

அந்தத் தெருவில் மொடமொட மாஸ்டர் என்று கேட்டால்தான் ஆளைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், கடைக்கு நேர் எதிரில் நின்றுகொண்டே, அப்படி யாரும் இங்கே இல்லையே என்று கையை விரித்துவிடுவார்கள். சலவைக் கடை அவருடையது. அவர் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையை மேசைமேல் வைத்தால், உள்ளே ஆள் இல்லாமலே அது நிற்கும். பட்டாளத்து அதிகாரிகள், ஹோட்டல் சிப்பந்திகள், வேலைக்கு நேர்முகம் போகிறவர்கள் என்று எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். யாராவது 'பிரமாதம் மாஸ்டர்' என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க மனிதருக்குக் கால் தரையில் பாவாது.

தொழிலில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. கறை எப்படி வந்தது என்று யாரையும் கேட்கக் கூடாது. துணியைக் கையில் வாங்கியதுமே அது மையா, ரத்தமா, உதட்டுச் சாயமா என்று கண்டுபிடித்துவிடுவார். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். இருபது வருஷத்தில் அந்தத் தெருவின் பாதி ரகசியம் அவருக்குத் தெரியும். மீதி பாதி, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவிக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவரின் கடையில் ஒரு வாரமாகக் காலர் தேய்க்கிற பிரஷ்ஷைக் காணோம். பத்தாம் வகுப்பு படிக்கும் மகனுடைய பள்ளிச் சட்டைகளும் துவைக்க வருவதில்லை. ஊர்ச் சட்டையெல்லாம் கடைக்கு வருகிறது, சொந்தப் பிள்ளையின் சட்டை வரவில்லை. தேடிப் பார்த்தார். குளியலறையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இரண்டு வெள்ளைச் சட்டைகள் சுருட்டிச் செருகியிருந்தன. அவசரமாக அலசியிருந்தான். முதுகுப் பக்கம் முழுக்கப் பொட்டுப் பொட்டாகப் பழுப்புக் கறை. ரத்தம், அதைச் சுற்றி மஞ்சளாக ஒரு ஓரம். அது புண்ணிலிருந்து வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. யாரோ பையனை அடிக்கிறார்களோ என்றுதான் முதலில் நினைத்தார்.

கேட்டிருக்கலாம். பெற்ற பிள்ளைதானே? ஆனால் இருபது வருஷத்துப் பழக்கம் லேசில் விடுமா? கேட்கவில்லை. குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, கறையை எடுத்து, வழக்கத்தைவிட ஒரு பிடி கூடுதலாகக் கஞ்சி போட்டு, தகடு மாதிரி தேய்த்து, அவன் அலமாரியில் கொண்டுபோய் வைத்தார். தன் அன்பை அவர் அப்படித்தான் காட்டுவார்.

அதற்குள் நீச்சல் கோச்சிடமிருந்து போன் வந்தது.

"மாஸ்டர், உங்க பையன் மூணு வாரமா குளத்துப் பக்கமே வரல. படிப்புன்னு சொல்றான். படிப்பு அவனுக்கு இப்ப திடீர்னு வந்த வியாதியா? நாலு மாசத்துல ரிலே போட்டி இருக்கு. மூணாவது ஆளா நீந்துறதுக்கு அவனைத்தான் வச்சிருக்கேன். எத்தனை நாளைக்கு இடம் பிடிச்சு வைக்கிறது?"

தண்ணீரைக் கண்டால் சாப்பாட்டையே மறக்கிற பையன் அவன். விரால் என்றுதான் கோச் கூப்பிடுவார். அவன் நீச்சலை விட்டுவிட்டான் என்று கேட்டதும் மாஸ்டர் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமலே அவன் அறைக்கதவைத் தள்ளினார். சட்டையில்லாமல் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் முதுகு முழுக்கப் பரு. முகத்தில் வருமே, அந்த மாதிரிச் சின்னப் பரு இல்லை. கோலி அளவுக்குச் சிவந்து வீங்கியவை, உடைந்தவை, காய்ந்தவை. அதன் குறுக்கே கோடு கோடாகக் கீறல். அவன் ஏன் குப்புறப் படுக்கிறான் என்பது அப்போதுதான் புரிந்தது. எத்தனை மாதமாக இப்படிப் படுக்கிறானோ? ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது தெரியாமல் போயிற்றே என்று அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது.

"தம்பி… வலிக்குதாடா?"

ஒரு கறையைப் பற்றி அவர் வாழ்க்கையில் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவன் திடுக்கிட்டு எழுந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். "கதவைத் தட்ட மாட்டீங்களா?"

"தட்டல. தப்புதான். வலிக்குதா?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, "சட்டை போடும்போதுதான்" என்றான்.

"எந்தச் சட்டை?"

"எல்லாச் சட்டையும்தான். கஞ்சி போட்டிருக்கீங்கல்ல. குத்தும்."

"அதை ஏண்டா இத்தனை நாளா சொல்லல?"

"எப்படிப்பா சொல்றது? ஊரே உங்க சட்டையைப் பாத்து ஆகா ஓகோங்குது. நான் போய் குத்துதுன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்? அதான் ரெண்டு சட்டையை நானே அலசி ஒளிச்சு வச்சேன்." அவன் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "அதையும் கண்டுபிடிச்சு, கஞ்சி போட்டு, கொண்டாந்து வச்சுட்டீங்க."

மாஸ்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பதினைந்து வயதுப் பிள்ளை, அப்பனின் பெருமைக்குக் குறை வரக் கூடாதென்று, தகரம் மாதிரிச் சட்டையைப் புண்ணின் மேல் போட்டுக்கொண்டு தினமும் பள்ளிக்கூடம் போயிருக்கிறான். அந்தப் பொறுமை யாருக்கு வரும்? தனக்கு வராது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். செருப்பு கடித்தால்கூடத் தெருவையே கூட்டிவிடுகிற ஆள் அவர்.

மறுநாளே தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டரம்மா முதுகைப் பார்த்தார், கீறல்களையும் பார்த்தார்.

"இந்தக் கோடெல்லாம் என்னப்பா?"

"காலர் பிரஷ்."

"என்னது?"

"சட்டைக் காலர் தேய்க்கிற பிரஷ். கறை எடுக்கிற சோப்பும் போட்டேன். நல்லாத் தேய்ச்சா போயிடும்னு நினைச்சேன்."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அது அவருடைய வசனம். நல்லாத் தேய்த்தால் போகாத கறை கிடையாது என்று கடையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். பிள்ளை நடை பழகியதே அந்தக் கடைக்குள்தான்.

"இது அழுக்கு இல்ல தம்பி" என்றார் டாக்டரம்மா. "உள்ள எண்ணெய்ச் சுரப்பி அடைச்சுக்கிட்டு வீங்கியிருக்கு. நீ சுத்தமா இல்லாததால வந்ததும் இல்ல. தேய்க்கத் தேய்க்கப் புண்ணுதான் ஆகும்." அப்புறம் நாற்காலியில் கிடந்த அவன் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "இதை யாரு துவைச்சது?"

"நான்தான் டாக்டர்!" என்று மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார். பழக்கதோஷம்.

"அட்டை மாதிரி இருக்கே."

நன்றி சொல்ல வாயெடுத்தவர், டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"பரு வந்ததுக்கு இது காரணமில்ல. ஆனா வந்த பருவை இது உரசிக் கிளறிக்கிட்டே இருக்கு. கஞ்சி, வாசனைத் தண்ணி எதுவும் வேண்டாம். தளர்வா, மெத்துன்னு இருக்கணும். மாத்திரை எழுதித் தரேன். இந்தக் கிரீமைக் குளிக்கும்போது தடவி, கொஞ்ச நேரம் விட்டுக் கழுவணும். ராத்திரிக்கு வேற ஒரு களிம்பு. முதுகுக்குக் கை எட்டாது, யாராவது போட்டு விடுங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, கலர் துணியில இந்தக் கிரீம் பட்டா வெளுத்துடும்."

"வெளுக்குமா? எவ்வளவு நேரத்துல டாக்டர்?"

"நீங்க வேற" என்று டாக்டரம்மா சிரித்துவிட்டார். பையனும் சிரித்தான். பல வாரங்களுக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

மூன்று மாதம் ஆகும், அவசரப்படக் கூடாது, கிள்ளக் கூடாது, முதலில் கொஞ்சம் கூடுவது போலக்கூடத் தெரியலாம் என்று சொல்லி அனுப்பினார்.

மாஸ்டர் தன் நகத்தை ஒட்ட வெட்டினார். இஸ்திரிப் பெட்டி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை முதுகில் படாமல், சுண்டுவிரல் நுனியால் தடவக் கற்றுக்கொண்டார். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் பையன் குளியலறை முக்காலியில் சுவரைப் பார்த்து உட்காருவான், அவர் கிரீம் தடவுவார். "மெதுவாப்பா" என்பான். "உன் தோல் வேற, என் தோல் வேறயா? எனக்குத் தெரியாதா" என்பார். அவன் சட்டைகளை மட்டும் தனி வாளியில் போட்டு, சோப்பு வாடையே போகும்வரை மூன்று தண்ணீரில் அலசினார். ஒரு சட்டையைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டு, தையல் எங்கேயாவது உறுத்துகிறதா என்று கதவு நிலையில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கண்டு, மனைவி ஒரு நிமிஷம் பயந்தே போய்விட்டாள்.

வாடிக்கையாளர்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். அதைத் தின்னாதே, இதைப் பூசு, வெயிலில் நில், வெயில் பக்கம் போகாதே. "மொடமொட மாஸ்டர் பையன் கசங்கின சட்டையில போறானே" என்று ஒருவர் இழுத்தார். "அவனுக்கு அதுதான் வசதி. உங்க சட்டைக்குக் கஞ்சி எவ்வளவு வேணும், அதைச் சொல்லுங்க" என்று மனைவி ஒரே வெட்டாக வெட்டினாள்.

முதல் மாதம் முன்னைவிட மோசமாகத்தான் இருந்தது. மாஸ்டருக்குத்தான் பொறுக்கவில்லை. பையன் மாத்திரையை ஒரு வேளை தப்பவிடவில்லை, பிரஷ் இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பேசுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. ஒரு நாள் காலை சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

"ரிலேக்கு முன்னாடி நாலு பேரும் வரிசையா நிப்போம்பா. பின்னாடி நிக்கிறவன் முன்னாடி நிக்கிறவன் முதுகுல ஒரு தட்டுத் தட்டணும். எங்க டீம் வழக்கம் அது. எனக்குப் பின்னாடி நெட்டையன். கடைசியா நான் போன அன்னிக்குத் தட்டினான். தட்டிட்டுக் கையைப் பாத்தான். தொடையில துடைச்சுக்கிட்டான்."

"ஏதாவது சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லல. துடைச்சான், அவ்வளவுதான்."

மாஸ்டரின் விரல் நின்றது. நெட்டையன் வீட்டுத் துணி அவர் கடைக்குத்தான் வருகிறது. அன்று மதியம் அந்தப் பையனின் சட்டைக் காலரைக் கஞ்சியில் இரண்டாவது முறை முக்கப்போன கையை மனைவி பிடித்துக்கொண்டாள். "உங்க பிள்ளைக்கு இருக்கிற பெருந்தன்மையில கால்வாசி உங்களுக்கு இருக்கக் கூடாதா?" என்றாள். மாஸ்டர் காலரைப் பிழிந்து போட்டுவிட்டு, அடுத்த துணியை எடுத்தார்.

பத்தாவது வாரத்தில் வீக்கம் வற்றத் தொடங்கியது. பாதி ஆறியிருந்தது, மீதி சிவந்திருந்தது, ஆறிய இடமெல்லாம் கருத்திருந்தது. முழுக்கச் சரியானதும் குளத்துக்குப் போகலாம் என்று மாஸ்டர் கணக்குப் போட்டிருந்தார். ஒரு நாள் காலை பார்த்தால் பையன் பையோடு வாசலில் நிற்கிறான். தோளில் அவனுடைய நீலத் துண்டு. கிரீம் பட்டு அங்கங்கே வெளுத்து, மேகம் படர்ந்த மாதிரி இருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமேடா."

"முழுசா போகட்டும்னு இருந்தா போட்டியே போயிடும்பா. டாக்டர்கிட்ட கேட்டேன், நீந்தலாம்னு சொன்னாங்க, ஏறினதும் குளிச்சா போதுமாம்." இரண்டு படி இறங்கியவன் திரும்பினான். "போறதுக்கு எனக்கும் பயமாத்தான் இருக்கு."

பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு நடந்தான். மாஸ்டர் அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். கடை திறக்க அன்றைக்குக் கால்மணி நேரம் தாமதமாகிவிட்டது.

போட்டியன்று அவர் அரைநாள் கடையை அடைத்தார். குளத்தைச் சுற்றி நல்ல கூட்டம். அதில் பாதிப் பேர் உடம்பில் கிடந்தது அவர் போட்ட கஞ்சி. கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் மகனுடைய பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு பையன்கள் வரிசையாக வந்து நின்றார்கள். மூன்று பேர் துண்டை வீசியெறிந்தார்கள். அவர் மகன் ஒரு விநாடி நின்றான். பிறகு அந்த மேகத் துண்டை எடுத்து, மடித்து, பெஞ்சில் வைத்தான். வெளிச்சத்தில் முதுகு முழுக்கத் தெரிந்தது. பின்வரிசையில் ஏதோ ஒரு குழந்தை, "அந்த அண்ணனுக்கு என்னம்மா?" என்று கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது.

தட்டுவதற்கு நெட்டையன் கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது.

பையன் திரும்பினான். "முதுகுல வேணாம்டா, இன்னும் வலிக்கும். பருதான், ஒட்டாது. இங்க தட்டு" என்று தலையைக் குனிந்து காட்டினான்.

சாதாரணமாக, மணி என்ன என்று கேட்கிற குரலில் சொன்னான். மாதக்கணக்கில் பெற்றவர்களிடம்கூடச் சொல்லாமல் பொத்தி வைத்திருந்த வார்த்தை அது. நெட்டையனின் முகம் சிவந்தது. தலையில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினான். அந்தக் கையை அவன் எங்கேயும் துடைக்கவில்லை.

நீச்சலைப் பற்றிச் சொல்வதென்றால், மூன்றாவது ஆளாகக் குதித்தவன் ஐந்தாம் இடத்திலிருந்த அணியை இரண்டாம் இடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தான். கடைசியில் மூன்றாவதாக முடித்தார்கள். மாஸ்டர் கத்திய கத்தலில் குரல் போய்விட்டது.

பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உங்க பையனா? முதுகுல…"

"பருங்க. வைத்தியம் நடக்குது" என்றார் மாஸ்டர், உடைந்த குரலில். "நீந்தினதைப் பாத்தீங்களா?"

குளித்துவிட்டு ஈரத்தோடு ஓடி வந்தான். மாஸ்டர் அவன் முதுகில் துண்டை வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தார். இருபது வருஷமாகத் தேய்த்தே பிழைத்த மனிதர். பிறகு பையிலிருந்து சட்டையை எடுத்தார். மூன்று தண்ணீரில் அலசி, கஞ்சியும் படாமல் பெட்டியும் படாமல், கசங்கிக் குழைந்து கிடந்த சட்டை. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, மொடமொட மாஸ்டர் அதை உதறி மகனுக்குப் போட்டுவிட்டார்.

"குத்துதாடா?"

"இல்லப்பா" என்றான் பையன்.