மூன்று மாடிக் கப்பல்

காலையில் கண் விழித்தபோது வட்ட ஜன்னலுக்கு வெளியே கடலைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைச் சுவர் நின்றது. லிஃப்ட் மெக்கானிக் சட்டையை மாட்டிக்கொண்டு மேல்தளத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். சுவரல்ல, கப்பல். விடியுமுன்னே வந்து பக்கத்தில் நின்றிருக்கிறது. பழக்கதோஷத்தில் மாடிகளை எண்ணினார். பதினாறு. குறைந்தது இருபது லிஃப்டாவது ஓடும் என்று வாய் தன்பாட்டுக்கு முணுமுணுத்தது.

அவர் வந்த கப்பலில் லிஃப்டே கிடையாது. மூன்றே மாடி, எண்பது பயணிகள். அதற்காகவேதான் அதைப் பிடித்தார். முப்பத்தோரு வருஷமாக, இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களின் கூச்சலைக் கேட்டுக் காது புளித்துப்போனவர், ஒரு வாரமாவது அந்த மோட்டார் சத்தம் இல்லாமல் இருக்க ஆசைப்பட்டார். மனைவியிடம் சொன்னது, "அமைதியா இருக்கும்" என்று மட்டும். முழங்கால் வலியோடு அவள் அந்தச் செங்குத்தான இரும்புப் படிகளை நாளைக்கு ஆறு தடவை ஏறி இறங்க வேண்டும் என்பது கப்பல் கிளம்பிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. மூன்றாம் நாளிலிருந்து அவள் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

போதாக்குறைக்கு அந்தப் பெரிய கப்பலில்தான் அவளுடைய தங்கையும் தங்கை புருஷனும் வந்திருந்தார்கள். இந்தத் துறைமுகத்தில் சந்திப்பது என்று அக்காவும் தங்கையும் முன்பே போனில் பேசி வைத்திருந்தார்கள்.

துறைமுக வாசலை ஒட்டிய காப்பிக் கடையில் உட்காருவதற்குள் சகலை ஆரம்பித்துவிட்டார். திரைச்சீலை வியாபாரி, எதையும் மீட்டர் கணக்கில் விரித்துக் காட்டித்தான் பழக்கம். "நீச்சல் குளமே ஏழுண்ணே. சாப்பாட்டு ஹால் ஒன்பது. ஆமா, உங்க கப்பல் இன்னும் வரலையா?"

"அதோ நிக்குதே."

"அதுவா! எங்களுக்குத் தண்ணி கொண்டுவந்த படகுன்னுல்ல நெனச்சேன்."

மெக்கானிக்கின் காது சூடானது. அடுத்து மனைவி மூன்று நாள் குமுறலையும் கொட்டப் போகிறாள் என்று தம்ளருக்குள் முகத்தைப் புதைத்தார்.

"சின்னதுன்னாலும் அப்படி ஒரு கவனிப்புடி" என்றாள் அவள். "தினம் காலையில கேப்டனே வந்து, முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டுட்டுப் போறாரு. நான் ஒரு படி ஏற வேண்டாம். எல்லாம் நாற்காலிக்கே வந்துடுது."

மெக்கானிக்குக்குக் காப்பி புரையேறியது. கேப்டன் அவளிடம் பேசியது ஒரே ஒரு தடவை. வழியை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார்.

தங்கை நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு மனசிலிருந்ததைப் பொலபொலவென்று கொட்டினாள். "குடுத்து வெச்சவக்கா நீ. எங்களுக்கு எதுக்கெடுத்தாலும் வரிசை. முந்தாநாள் எங்க ரூமே தெரியாம ஒண்ணரை மணி நேரம் சுத்தினேன். எல்லாக் கதவும் ஒரே மாதிரி. இவரு எந்த மாடியில இருக்காருன்னும் தெரியல. நின்ன இடத்துலயே அழுதுட்டேன்."

சகலையின் குரல் சுருங்கியது. "லிஃப்டும் சரியில்லண்ணே. கதவு மூடி மூடித் திறக்குது."

"கதவடியில குப்பை சேர்ந்திருக்கும்" என்றார் மெக்கானிக். இந்த ஒரு வாரம் சொல்லவே கூடாது என்று நினைத்திருந்த வாக்கியம் அது.

பிரியும்போது, "நீங்கதானே முதல்ல கிளம்புறீங்க? மேல இருந்து கையாட்டுறேன், பாருக்கா" என்றாள் தங்கை.

திரும்பி நடக்கையில் அவர் மெல்லக் கேட்டார். "ஒரு படி ஏற வேண்டாமா?"

"பின்ன? லிஃப்டு சத்தத்துக்குப் பயந்து எம் புருஷன் என்னை ஏணியில ஏத்துறாருன்னு சொல்லச் சொல்றீங்களா?"

அவர் நின்றுவிட்டார். "உனக்கெப்படித் தெரியும்?"

"தூக்கத்துல 'கதவ விடுங்க சார், கதவ விடுங்க'ன்னு கத்துறீங்க. வருஷக்கணக்கா கேக்குறேன். வாங்க, கையக் குடுங்க."

நாலு மணிக்கு அவர்கள் கப்பல் நகர்ந்தது. பக்கத்துச் சுவரில் நூற்றுக்கணக்கான பால்கனிகள். பன்னிரண்டாம் மாடியில் பச்சை உடையில் ஓர் உருவம் கையாட்டியது. "அதோ, அவதான்!" என்று மனைவி பதிலுக்குக் கை வலிக்க ஆட்டினாள். அவரும் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

அப்போது போன் அடித்தது. தங்கைதான். "அக்கா, கோவிச்சுக்காத. லிஃப்டுக்கே இன்னும் வரிசையில நிக்கிறோம். நீங்க கிளம்பிட்டீங்களா?"

மனைவியின் கை பாதியில் நின்றது. மேலே அந்தப் பச்சை உருவம் இப்போது இரண்டு கைகளையும் வீசிக்கொண்டிருந்தது.

"யாருங்க அது?"

"தெரியலையே."

அவள் போனை அவரிடம் கொடுத்துவிட்டு, தானும் இரண்டு கைகளையும் தூக்கினாள்.