மீளுந் தாக்கம்

உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியல் யோகமலரை இரண்டு தடவை கவிழ்த்துவிட்டிருந்தது. மூன்றாவதுதான் கடைசித் தடவை. அதிலும் கோட்டைவிட்டால் பல்கலைக்கழகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மற்றப் பாடங்கள் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. இந்தச் சமநிலை என்ற சங்கதியில்தான் சறுக்கினாள். ஒரு இரசாயனத் தாக்கம் முன்னுக்கும் போகுமாம், பின்னுக்கும் வருமாம், இரண்டும் ஒரே வேகத்தில் நடந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்குமாம். போனால் போக வேண்டும், வந்தால் வர வேண்டும், இதென்ன ரெண்டுங்கெட்டான் தாக்கம் என்று அவளுக்கு எரிச்சல்தான் வரும்.

சென்ற முறை வினாத்தாளில் இரத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். கரி எரியும்போது உண்டாகும் காபனோரொட்சைட்டு, ஒட்சிசனைத் தள்ளிவிட்டு ஈமோகுளோபினைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது கேள்வி. பிடித்தால் பிடித்ததுதான், விடாது என்று எழுதிவிட்டு வந்தாள். அது பிழை என்றும், அதுவும் ஒரு மீளுந் தாக்கம்தான் என்றும் பிறகுதான் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய, புள்ளி போனது போனதுதான்.

அந்தக் கார்த்திகையில் வாவிக்கரைப் பகுதியான படுவான்கரை முழுவதும் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் குடியிருந்தது. வாவிக்கு அக்கரையில் இருந்த ஆமி முகாமிலிருந்து நினைத்த நேரத்துக்கு ஷெல் வரும். தோணி ஓடவில்லை. அதனால் அக்கரை ஆசுபத்திரிக்குப் போக வழியில்லாமல் யோகமலரின் அக்கா கண்ணகைக்கு வீட்டிலேயே பிரசவம் பார்த்தாயிற்று. ஆண்பிள்ளை. அக்காவின் புருஷன் நல்லரத்தினம் வயல்வட்டையில் விதைத்த பயிரைக்கூட எட்டிப் பார்க்காமல் பெண்சாதியையும் பிள்ளையையும் சுற்றிக்கொண்டே கிடந்தான். அவர்களுக்காகத்தான் வளவுக்குள் பங்கரை ஆழமாக வெட்டி, தென்னங்குற்றி பரப்பி, மேலே மண்மூட்டை அடுக்கியிருந்தான்.

பிள்ளை பிறந்து கொஞ்ச நாளில் ஒருநாள் விடிந்ததுமே ஷெல் விழத் தொடங்கியது. கூடவே மழை. எல்லோரும் பங்கருக்குள் இறங்கினார்கள். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்குச் சூடு வேண்டும், சீதம் பிடித்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்பது ஊரறிந்த சமாச்சாரம். வீட்டில் என்றால் சிரட்டைக்கரித் தணலைச் சட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைப்பார்கள். கிடுகுச் சுவருக்குள்ளால் காற்று வந்து போய்க்கொண்டிருக்கும். இங்கே நல்லரத்தினம் அதே சட்டியைப் பங்கருக்குள் இறக்கினான். புகை பிள்ளைக்கு ஆகாதென்று, வெளியில் வைத்து ஊதி ஊதி, புகை அடங்கித் தணல் செக்கச்செவேல் என்று சிவந்த பிறகே கொண்டுவந்தான். அவ்வளவு கவனம். சாரல் உள்ளே அடித்ததால் பங்கர் வாசலுக்குத் தறப்பாளை இழுத்து மூடி, ஓரத்தில் மண்மூட்டை வைத்து இறுக்கியது யோகமலர். கதகதப்பாக இருந்தது.

கொஞ்ச நேரம் போக, தலை வெடிக்கிறது என்றாள் கண்ணகை. பிறகு ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள். சீதம்தான் பிடிக்கப் பார்க்கிறது என்று நல்லரத்தினம் இன்னும் கரி போட்டான். பாவம், அவனுக்கும் தலையிடி. யோகமலருக்கும் அப்படித்தான். காலையிலிருந்து தேத்தண்ணி குடிக்காததால் வந்த வினை என்று நினைத்தாள். அதற்குள் கண்ணகை அயர்ந்துவிட்டாள். முகம் நன்றாகச் சிவந்திருந்தது. சூடு உடம்பில் பிடிக்கிறது என்று நல்லரத்தினத்துக்குப் பெரிய ஆறுதல்.

அப்போது அடுத்த வளவுக்குள் ஒரு ஷெல் விழுந்தது. பங்கர் அதிர்ந்து, குற்றிகளுக்கிடையால் மண் பொலபொலவென்று கொட்டியது. குழந்தை அசையவில்லை. அழவில்லை, கையைக் காலை உதறவுமில்லை. யோகமலர் அதன் குதிகாலைக் கிள்ளினாள். மூச்சு மட்டும் இழை மாதிரி ஓடியது. எழும்பப் போனவளுக்கு முழங்கால் மடங்கிச் சரிந்தது. சரிந்த இடத்தில் முகத்துக்கு நேரே தணல் சட்டி. புகையில்லை, மணமில்லை. வினாத்தாளில் கேட்ட அதே காபனோரொட்சைட்டு.

“மச்சான், அக்காவயும் புள்ளயயும் வெளிய தூக்கணும். இந்தத் தணல்தான் கொல்லுது.”

உனக்கென்ன விசரா என்றான் நல்லரத்தினம். வெளியே ஷெல், மழை. பச்சை உடம்புக்காரியைக் கொண்டுபோய்ச் சேற்றில் போடச் சொல்கிறாயா என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றான். அவள் அவனுடைய சட்டையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

“பொகை இல்லாட்டியும் நஞ்சு இரிக்கி மச்சான். ரத்தத்துல ஏறிட்டு. நல்ல காத்துப் பட்டா கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். இதுக்குள்ள கிடந்தா இறங்கிறதெல்லாம் திரும்ப ஏறும்.”

“இறங்குமெண்டு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?”

இரண்டு தடவை அதே பாடத்தில் தோற்றவளிடம் கேட்கிற கேள்வியா அது. ஷெல்லுக்குத் தப்பினால் இரண்டு உயிர் மிஞ்சும், தப்பாவிட்டால் எல்லோரும் போக வேண்டியதுதான். தெரியும் என்று சொல்லிவிட்டு, தறப்பாளைக் கிழித்துக்கொண்டு குழந்தையோடு மழைக்குள் பாய்ந்தாள். அவன் கண்ணகையைக் கமுக்கட்டில் கைகொடுத்து இழுத்து வந்து முற்றத்தில் கிடத்தினான். கிடத்திவிட்டு அவள்மேல் முழங்கை ஊன்றிக் கவிந்துகொண்டான். ஷெல் வந்தால் தன் முதுகில் விழட்டும் என்ற எண்ணம் அவனுக்கு.

யோகமலர் குழந்தையின் வாயில் வாய் வைத்து ஊதினாள். ஊதிக்கொண்டே, இத்தனை வருடமாகப் புரியாதது அவளுக்குப் புரிந்தது. துறையில் தோணி ஓடிய காலத்தில் அக்கரைக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டும் வருகிறவர்கள் வந்துகொண்டும் இருப்பார்கள். பார்க்கிறவனுக்கு ஊரில் அதே சனம் இருக்கிற மாதிரித்தான் தோன்றும். ஒரு கரையில் ஆளைக் குவித்தால்தான் மறுகரைக்கு ஓட்டம் கூடும். மூடிய பங்கருக்குள் நஞ்சு குவிந்தது. இங்கே வானம் முட்டக் காற்று இருக்கிறது. ஒட்சிசன் வந்து மோத மோத, நஞ்சு பிடியை விட்டே ஆக வேண்டும். ஆனால் எவ்வளவு நேரத்தில் விடும் என்பதைச் சமநிலை சொல்வதில்லை. அவள் நிறுத்தாமல் ஊதினாள்.

ஷெல் தெற்குப் பக்கமாக நகர்ந்தது. நெடுநேரம் கழித்துக் கண்ணகை இருமினாள். சத்தி எடுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து, ஏன் என்னை மழைக்குள் போட்டிருக்கிறீர்கள் என்று குழறினாள். நல்லரத்தினம் சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். நீ சொன்னது சரி புள்ள, நீ சொன்னது சரி என்று மச்சாளைப் பார்த்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையை நீட்டிக் குழந்தையின் நெஞ்சைத் தொட்டான். அங்கேயே வைத்திருந்தான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

கண்ணகைக்கு மார்பு கட்டி, பால் கசிந்து சட்டையை நனைத்தது. முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தாள்.

“புள்ளயத் தா மனே. பசிக்கும்.”

யோகமலர் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அக்காவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

“கொஞ்சம் பொறுக்கா. இன்னும் கொஞ்சம் காத்துப் படட்டும்.”

குளிர்ந்துபோன அந்த வாயில் மறுபடியும் ஊதத் தொடங்கினாள்.