ஆற்றடிச் சத்தம்

நெட்டுக்குப்பத்திலிருந்து சுகிர்தம் போன் செய்தபோது அனிஷா வண்ணாரப்பேட்டையில் அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடி வாங்கக் கடையில் நின்றிருந்தாள்.

"அனிசா, பொட்டி செத்துப்போச்சும்மா."

"செத்துப்போச்சுன்னா எப்படிக்கா? லைட்டு எரியுதா?"

"செவப்பு எரியுது. பச்ச ரெண்டு தபா கண்ணடிச்சிட்டு கம்முனு ஆயிடுது. உள்ளார டிக்கு டிக்குன்னு சத்தம் வேற."

அந்த டிக்டிக் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிறது என்று அனிஷாவுக்குக் கேட்டவுடன் தெரிந்துவிட்டது. கண்ணாடிச் சட்டம் தேர்ந்தெடுப்பதை அம்மாவிடமே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஏரி, ஆறு, கழிமுகங்களை ஆராயும் சிறிய குழு ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். மழைக்கு முன்னால் எண்ணூர் முகத்துவாரத்தின் ஓரத்தில் தண்ணீருக்கடியில் ஒரு மைக்கை இறக்கியிருந்தார்கள். அதன் ஒயர் கரையேறி, சுகிர்தத்தின் வீட்டுக்காரர் வரதன் வலை போட்டுவைக்கும் கொட்டகைக்குள் போகும். அங்கே உள்ளங்கையில் அடங்கும் ஒரு கம்ப்யூட்டர் போர்டு, அதோடு ஒரு ஹார்ட் டிஸ்க், கூரை மேல் சோலார் தகடு, கீழே பேட்டரி. ஆற்றின் அடியில் கேட்கும் சத்தமெல்லாம் இரவும் பகலும் டிஸ்க்கில் பதிவாகும். அடியில் என்ன உயிர் மிச்சமிருக்கிறது என்று அதைக் கேட்டே ஓரளவு சொல்லிவிட முடியும். பெட்டியைப் பார்த்துக்கொள்ள சுகிர்தம் உடனே ஒப்புக்கொண்டாள். வரதன் மட்டும், "தண்ணில இன்னா கீது, கேக்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஷேர் ஆட்டோ திருவொற்றியூரைத் தாண்டும்போது குழுவின் தலைவர் ஜெரால்டிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"டிஸ்க்தான் போயிருக்கும். ஃபார்மேட் பண்ணிப் பாரு. வரலைன்னா எல்லாத்தையும் கழட்டி எடுத்துட்டு வந்துடு அனிஷா. வேற இடம் பார்த்துக்கலாம்."

"சார், ஒரு மழைக்காலம் முழுக்க அதுல இருக்கு. இந்த வாரம்தான் காப்பி எடுக்கறதா இருந்தோம்."

"தெரியும்மா. என்ன செய்ய? அந்த ஆத்துல பெருசா ஒண்ணும் இருக்கப்போறதில்ல."

கொட்டகைக்கு வெளியே வரதன் தன் போட்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவிய வேகத்தில் கோபம் தெரிந்தது.

"இன்னாண்ணா, போட்டுக்குக் கல்யாணமா?"

"விக்கப்போறேம்மா. ஆத்துல மீனு எங்க கீது? மாதவரத்துல லாரி ஷெட்டுல ஒரு வேல சொல்லிக்கிறானுங்க. சாய்ந்தரம் ஆளு வர்றான் பாக்க."

"அவுரு விக்கப்போறாரு," என்றாள் சுகிர்தம் உள்ளிருந்தே. "நான் ஒண்ணும் சரின்னு சொல்லல." அதன் பிறகு அவர்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

அனிஷா தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். பையிலிருந்த சின்னத் திரையைப் போர்டில் மாட்டினாள். வெள்ளை எழுத்துகள் மடமடவென்று ஓடின, சட்டென்று இருண்டது, மறுபடி முதலிலிருந்து ஓடின. போர்டு எழுந்திருக்கப் பார்த்து விழுந்துகொண்டே இருந்தது.

டிஸ்க்கைக் கழற்றினாள். போர்டு விழித்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதே அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. அதனால் வெறும் போர்டு சும்மா இருந்தது. ஆத்திர அவசரத்துக்கென்று அதே சிஸ்டத்தை ஒரு மெமரி கார்டில் ஏற்றி வைத்திருந்தாள். அதைச் செருகினாள். பச்சை விளக்கு விட்டுவிட்டு மின்னியது, திரை ஒழுங்காக வந்து நின்றது.

"போர்டு நல்லா இருக்குக்கா."

"அப்ப டிஸ்க்குதான் பூட்ச்சா?"

அனிஷா டிஸ்க்கை மறுபடி செருகினாள். டிக், டிக். திரையின் மூலையில் சின்னதாக மஞ்சள் மின்னல் ஒன்று தெரிந்தது. உடனே எல்லாம் அணைந்தது.

"இன்னாது அது, மின்னலு?"

"கரண்டு பத்தலைன்னு சொல்லுதுக்கா. போர்டு கொஞ்சமாத்தான் குடிக்கும். டிஸ்க்கு சுத்த ஆரம்பிக்கும்போது நெறைய இழுக்கும். கெடைக்கலைன்னா டிக்கு டிக்குன்னு அடிச்சிக்கும், போர்டையும் சேர்த்து இழுத்துக்கினு விழுந்துடும்."

"அப்ப அது சாவல."

"தெரியல. சாவலன்னு நெனைக்க ஒரு காரணம் கெடச்சிருக்கு."

இருவரும் ஏணி வைத்துக் கூரையில் ஏறினார்கள். சோலார் தகட்டின் மேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து, பனியில் நனைந்து, காய்ந்து, சாந்து பூசியதுபோல் இறுகியிருந்தது. சுகிர்தம் ஈரத்துணியால் தேய்த்தாள். தகடு பளபளவென்று ஆனது. ஆனாலும் பெட்டி எழவில்லை. கீழே வந்து அனிஷா பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தாள். டிஸ்க் சுற்ற முயன்ற ஒவ்வொரு முறையும் முள் சரிந்து விழுந்தது. பேட்டரியின் ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்தது.

"பேட்டரி போயிடுச்சுக்கா. வேற வேணும்."

சுகிர்தம் வாசல் பக்கம் பார்த்தாள். போட்டில் விளக்குக்கென்று ஒரு பேட்டரி இருந்தது. அதுவரை புருஷனோடு பேசாதிருந்தவள் இப்போது பேசினாள்.

"யோவ், அந்த பேட்டரிய கொஞ்ச நேரம் குடு."

"போட்டோட சேத்து அதுக்கும் வெல பேசிட்டேன். கைய வெக்காதமே."

"வித்தது மாரியே பேசற? இன்னும் என் வூட்டு வாசல்லதான கீது?"

"அந்தப் பொட்டி உனக்கு இன்னா சோறா போடுது?"

"ஒன் லாரி ஷெட்டு மட்டும் போட்டுடுமா?"

வரதன் வாளியை உதைத்துவிட்டுப் போட்டுக்குள் ஏறினான். அனிஷாவுக்குச் சங்கடமாக இருந்தது. திரையைக் கழற்றிப் பையில் வைத்துவிடலாமா என்று யோசித்தாள். அதற்குள் வரதனே பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சாக்கின் மேல் தொப்பென்று வைத்தான்.

"ஆளு வர்றதுக்குள்ள திருப்பிக் குடுத்துடணும்."

ஒயரை மாட்டினாள். டிஸ்க் ஒருமுறை முனகியது, பிறகு சீராகச் சுற்றத் தொடங்கியது. மின்னல் வரவில்லை. கார்டை எடுத்துவிட்டு டிஸ்க்கிலிருந்தே எழுப்பிப் பார்த்தாள். எழுத்துகள் நெடுந்தூரம் ஓடின. பாதியில் நின்றன. கோப்புகளின் அடுக்கு குலைந்திருக்கிறது என்று ஒரு வரி சொன்னது.

சுகிர்தம் அவள் முகத்தைப் பார்த்தாள். "இன்னா?"

"எழுதிக்கினு இருக்கும்போதே கரண்டு விட்டு விட்டுப் போயிருக்கு. உள்ள கலைஞ்சு கெடக்கு. சரி பண்ணலாம். பண்ணும்போது கொஞ்சம் போனாலும் போவும்."

ஃபார்மேட் பண்ணு என்று ஜெரால்ட் சொன்னது நினைவுக்கு வந்தது. அது சுலபம், ஆனால் டிஸ்க் காலியாகிவிடும். அவள் மறுபடி கார்டைப் போட்டு அதிலிருந்து போர்டை எழுப்பினாள். டிஸ்க்கில் எதையும் தொடாமல், என்னென்ன பழுது என்று மட்டும் பார்த்துச் சொல்லும்படி கட்டளை கொடுத்தாள். காத்திருந்தார்கள். சுகிர்தம் டீ போட்டு வந்தாள். பேட்டரிக்காக நிற்பவன்போல நின்றிருந்த வரதனும் ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டான்.

பழுதுகள் வரிசையாக வந்தன. எல்லாம் கடைசி வாரத்துக் கோப்புகள். பழையவற்றில் பழுது ஒன்றும் இல்லை. அனிஷா அவற்றைச் சரிசெய்யக் கட்டளை கொடுத்தாள். அது முடிந்ததும் கார்டை உருவிவிட்டு மறுபடி எழுப்பினாள். இந்த முறை எழுத்துகள் எங்கேயும் நிற்காமல் ஓடி, பெட்டியின் பெயரோடு வந்து நின்றன. பச்சை விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சுக்கா!"

சுகிர்தம் அவள் முதுகில் ஓங்கித் தட்டினாள். டீ சிந்தியது.

இயர்போனை மாட்டி முதலில் மழைக்கு முந்தைய ஒரு நாளைக் கேட்டார்கள். தொலைவில் கப்பல் எஞ்சினின் உறுமல், கரையில் தண்ணீர் மோதும் சத்தம், வேறொன்றும் இல்லை. பிறகு பெருமழை ஓய்ந்து முகத்துவாரம் நன்றாகத் திறந்துகொண்ட வாரத்துக்குப் போனாள். கேட்டதும் அனிஷா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இயர்போனைச் சுகிர்தத்திடம் கொடுத்தாள்.

"அய்ய, வாணாய்ல கடுகு பொரியிது!" என்று சுகிர்தம் சிரித்தாள். சிரித்தபடியே அதைப் புருஷனின் காதில் வைத்தாள்.

வரதன் வெகுநேரம் கேட்டான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"முன்னெல்லாம் போட்டுல கவுந்தடிச்சுப் படுத்தா கீழருந்து கேக்கும் இது. அப்புறம் நின்னுபூட்ச்சுன்னு நெனச்சேன். எங்க எடுத்தது?"

"இங்கதான்ணா. உங்க கரையிலதான்." அனிஷாவுக்கு அவனை ஏமாற்ற மனமில்லை. "விக்கிற இறால் இல்லண்ணா இது. சுண்டுவிரல்கூட இருக்காது, கொடுக்கைச் சொடக்குப் போட்டுச் சத்தம் பண்ணும். ஆனா அடிச்சேறு முழுக்கச் செத்திருந்தா இது இருக்காது."

"அத்தத் தின்ன மீனு வரும் இல்ல?" என்றாள் சுகிர்தம்.

"வரலாம்க்கா. அதுக்குத்தான் இன்னும் கேக்கணும்."

அப்போது வரதனின் போன் அடித்தது. போட்டைப் பார்க்க வருபவன். வரதன் மனைவியைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான்.

"இன்னிக்கி வராத மாமு. பேட்டரி வேலைல கீது... நாளிக்கா? நாளிக்கும் வேணாம், நானே சொல்றேன்." போனை வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் சொன்னான்: "திங்கக்கெழம மாதவரம் போறேன். வேல வேலதான். போட்டு கெடக்கட்டும்."

"நான் என் தம்பிய இட்டுக்கினு போய்க்கிறேன் தண்ணிக்கு," என்றாள் சுகிர்தம். அவள் குரலில் காலையிலிருந்த முறைப்பு இல்லை.

அனிஷா அந்தச் சத்தத்தில் ஒரு துண்டை வெட்டி ஜெரால்டுக்கு அனுப்பினாள். சற்று நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"எந்த இடம்மா இது? பழவேற்காடா?"

"நெட்டுக்குப்பம் சார்."

அவர் அந்தத் துண்டை மறுபடி ஓட்டிக் கேட்பது போனில் கேட்டது. "டிஸ்க்?"

"நல்லா இருக்கு சார். பேட்டரிதான் போயிருந்தது. புதுசு ஒண்ணு வேணும். பெட்டி இங்கேயே இருக்கட்டும்."

"கோடை வரைக்கும் இருக்கட்டும்," என்றார் ஜெரால்ட். பிறகு, "இன்னும் நாலு துண்டு அனுப்பு," என்றார்.

அனிஷா மைக்கின் ஒயரைத் திரும்ப இணைத்து, இந்த நிமிடம் ஆற்றடியில் எழும் சத்தம் நேராக இயர்போனில் கேட்கும்படி வைத்தாள். சுகிர்தம் இயர்போனைப் பிடுங்கிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். கரையோரமாக ஒரு மோட்டார் போட்டு டபடபவென்று வந்தது. அவள் முகம் சுளித்தாள். இயர்போனைக் கழற்றாமலே வாசலுக்கு ஒயர் எட்டிய மட்டும் போய்க் கத்தினாள்:

"டேய், எஞ்சின நிறுத்துடா! ஒண்ணும் கேக்க மாட்டேங்குது!"