ஆள் ஏறினால் தாழாத ஜீப்

முத்துலிங்கத்தின் ஜீப்பில் அவருடைய சனங்கள் பதினொரு பேர் ஏறினாலும் அதன் அடியில் பாரம் தாங்கும் வில்லுத்தகடுகள் ஒரு நூலளவும் தாழ்வதில்லை. காணி அளக்க வரும் அலுவலர் ஒருவர் மட்டும் ஏறினால் இரண்டு விரல் இறங்கும். அவர் இறங்கிப்போகும்போது கோப்புப் பையை மறந்து இருக்கையில் விட்டுவிட்டால் அந்தப் பைக்கு அரை விரல். நெல் மூட்டைக்கு இரண்டு, ஆட்டுக்கு ஒன்று. இதெல்லாம் தர்மபுரத்தில் எல்லாருக்கும் தெரிந்த அளவுகள். பின்சில்லுக்கும் அதற்கு மேலே மூடியிருக்கும் மட்காட்டுக்கும் இடையில் கையை வைத்துப் பார்த்தவர்கள் எல்லாரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், வேண்டுமென்றால் போய்க் கேட்கலாம்.

அவருடைய சனங்கள் என்றால், எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வந்து, தர்மபுரத்திலிருந்து நாலு கட்டை தூரம் உள்ளே காடு வெட்டிக் கிணறு தோண்டிக் கச்சான் கடலை போட்டுப் பிழைக்கும் நாற்பத்திரண்டு குடும்பங்கள். ஜீப்பும் அதே மலையிலிருந்து வந்ததுதான். ஐம்பத்தெட்டாம் ஆண்டு ஒரு தோட்டத்துத் துரைக்கென்று கப்பலில் வந்து, மூன்று துரைமாரைச் சுமந்து, கடைசியில் தேயிலை ஆலைக்குப் பின்னால் பாசி பிடித்துக் கிடந்ததை, யுத்தம் முடிந்த ஏழாம் வருசம் முத்துலிங்கம் ஏலத்தில் எடுத்துவந்தார். அவருடைய தகப்பனை அந்தத் துரை ஒருநாளும் அதன் அருகில் நிற்க விட்டதில்லை. அந்த வண்டி தன் வளவில் நிற்க வேண்டுமென்று மனுசனுக்கு ஓர் ஆசை. வந்த பிறகு அதற்கு வாடகை ஓட்டமும் கிடைத்தது. பாரமே தெரியாத வண்டி என்று ஊர் முழுக்கச் சந்தோசப்பட்டது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முப்பத்திரண்டு பேரை ஒரே ஓட்டத்தில் கொண்டுபோய் இறக்கினார். சில்லு நெளியவில்லை, டீசலும் வெறும் வண்டிக்குப் போகிற அளவுதான் போனது.

அவருடைய மனைவி வடிவம்மாவுக்கு மட்டும் வயிறு எரிந்தது. முதலில் அவளும் கவனிக்கவில்லைதான். ஒருநாள் விற்கக் கொண்டுபோன கிடாயை ஏற்றும்போது வண்டி ஒரு விரல் பதிந்ததைக் கண்டாள். கிடாயை இறக்கிவிட்டுத் தான் ஏறினாள். வண்டி அசையவில்லை. இறங்கினாள், ஏறினாள், இறங்கினாள். வன்னிக்கு ஒன்பது வயதில் வந்தவள், நாற்பத்தெட்டு வருசமாய் வன்னிப் பேச்சுத்தான் பேசுகிறாள்; ஆனால் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டால் மலைநாட்டுப் பேச்சு தானாக வந்துவிடும்.

"ஆட்டுக்குத் தாழுது, எனக்குத் தாழாதா? நான் என்னா காத்தா?" என்று கேட்டாள்.

முத்துலிங்கம் சிரித்துவிட்டார். தாழாத வில்லு தேயாதல்லவா, நல்லதுதானே என்றார். அந்தச் சிரிப்புக்குக் குசினிக் கதவு ஒன்பது நாள் அவருக்குத் திறக்கவில்லை. தேநீர் ஜன்னலால் வந்தது. சும்மா கோபமா அது? தோட்டத்தில் அவளுடைய தாய் பறித்த கொழுந்தை நிறுக்கும்போது, ஈரத்துக்கு இரண்டு கிலோ, கூடைக்கு இரண்டு கிலோ என்று கண்முன்னால் வெட்டினார்கள். வோட்டு இல்லை என்றார்கள். அடித்துத் துரத்தினார்கள். இங்கே வந்து காட்டைத் திருத்திய பிறகு காணிக்குப் பத்திரம் எங்கே என்றார்கள். முள்ளிவாய்க்கால் வரைக்கும் எல்லாரோடும் சேர்ந்து ஓடியபோது மட்டும் நீ எந்த ஊராள் என்று ஒருவரும் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கேட்டார்கள். அந்தக் காணி அலுவலர் அவளுடைய மாமர நிழலில் இருந்து, அவள் ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே, நாற்பத்திரண்டு துண்டுக்கும் 'ஆளில்லாக் காணி' என்று எழுதியவர். எழுதி முடித்து இன்னும் கொஞ்சம் சீனி கேட்டார். அந்த மனுசனுக்குத் தாழ்கிற கண்டறியாத ஜீப் தனக்குத் தாழாதென்றால், அவள் பொறுத்துக்கொண்டு இருப்பாளா?

ஆனாலும் வில்லுத்தகட்டை மாற்றியே தீர வேண்டும் என்று வந்தது அந்தக் கோபத்தினால் அல்ல. மகள் தர்மிளாவினால்தான். பாரம் ஏறாத வண்டி குண்டு குழியில் எப்படித் தூக்கிப் போடும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆட்கள் நிறைந்திருந்தாலும் அந்த ஜீப் வெறும் வண்டியாகவே துள்ளும். ஏழு மாதக் கர்ப்பத்தோடு தர்மிளா கிளினிக்குக்குப் போய்வந்த அன்று, வாய்க்கால் மேட்டில் அவளை இருக்கையிலிருந்து ஒரு முழம் தூக்கி அடித்தது. இரத்தம் கண்டது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்துவிட்டு, இனி இப்படிக் குலுங்கினால் பிள்ளை தங்காது என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். அவர்களுடைய பாதையில் மாரி மழைக்கு ஓட்டோ வராது, அம்புலன்ஸ் வாய்க்காலோடு நின்றுவிடும். பிள்ளை பிறக்கப்போவதோ மார்கழியில். ஆகவே இரண்டு மாதத்துக்குள் அந்த ஜீப் தர்மிளாவின் பாரத்தை அறிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை இல்லை.

வவுனியாவில் பழைய வண்டிச் சாமான் விற்கும் கடைக்குப் புருசனும் பெண்சாதியும் போனார்கள். கடைக்காரர் வண்டியின் வருசத்தைக் கேட்டார், புத்தகத்தைப் புரட்டினார், கப்பலில் வந்தபோது இருந்த அதே ஆங்கிலேயத் தகடு, எண்ணெய்க் கடுதாசி பிரிக்காதது, ஒரு சோடி இருப்பதாகச் சொன்னார். பழைய வண்டிக்கு அதுதான் மதிப்பு என்று முத்துலிங்கம் ஆசைப்பட்டார். பொருத்திப் பார்த்துவிட்டு எடுக்கிறேன் என்று வடிவம்மா ஒற்றைக் காலில் நின்றாள். பொருத்தினார்கள். ஏறினாள். அசையவில்லை. கடைக்காரர் ஏறினார், இரண்டு விரல் தாழ்ந்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு கொழும்பில் அடித்த தகட்டைக் கொண்டுவந்தார். அதுவும் அப்படியே கிடந்தது. கடைசியாக இந்தியாவிலிருந்து வந்த புதுத்தகடு. அதை மாட்டும்போது வடிவம்மாவுக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை. கொள்ளுத்தாத்தா வந்த நாடாயிற்றே, இந்தியாக்காரி என்று சொல்லித்தானே இங்கே அத்தனை பேரும் அவளை ஒதுக்கினார்கள், அந்த இரும்புக்காவது தன்னைத் தெரியாதா என்று நினைத்தாள். சேலையைச் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் ஊன்றி ஏறி இருந்தாள். அதற்கும் தெரியவில்லை. கடை வாசலில் நின்று மூன்று நாட்டையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முத்துலிங்கம் அன்று சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் வட்டக்கச்சியில் யோகநாதனின் பட்டறையில் நிறுத்தினார்கள். யோகநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்த குடும்பம். வயலும் செய்கிறார், உழவு இயந்திரங்களுக்கும் லொறிகளுக்கும் வில்லும் வளைக்கிறார். அவர் வண்டியின் வருசத்தைக் கேட்கவில்லை. குனிந்து அடியைப் பார்த்தார், கையைத் துடைத்தார்.

"என்ன பாரம் தங்கச்சி ஏத்துறனீங்கள்?" என்று கேட்டார்.

வடிவம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்த நாளிலிருந்து அவளுக்கும் ஒரு பாரம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு பேசிய முதல் ஆள் அவர்தான். ஆட்களைத்தான் அண்ணை, என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டு போகையில், தாங்கள் மலையிலிருந்து வந்த லொறியைப் பற்றியும் சொல்ல வந்தது. நாற்பத்துமூன்று பேர், சட்டி பானை, ஒரு தையல் மெஷின். வவுனியா தாண்டியதும் லொறி அப்படியே பதிந்து ரயர் மட்காட்டில் உரசி, இரப்பர் எரிகிற மணம் வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த மணம் மறக்குமா? யோகநாதன் அந்த லொறியின் நிறத்தைக் கேட்டார். பச்சை என்றாள். அவர் வளவின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பச்சை லொறி ஒன்று, பாதி மண்ணுக்குள், கோழிக்கூடாக நின்றது. அதை ஓட்டியவர் அவருடைய தகப்பன். இரண்டு யுத்தத்திலும் விட்டுவிட்டுப் போன வண்டியை ஒருவரும் எடுக்கவில்லை. பழைய இரும்புக்காரர்கூட வேண்டாம் என்றார்கள். எட்டுக் கோழி மட்டுமே உள்ள அந்தக் கூட்டின் பின்தகடுகள் இன்னும் நிமிரவில்லை. நாற்பத்துமூன்று பேரை ஏற்றியபோது பதிந்த பதிவிலேயே இருந்தன.

லொறித்தகட்டை ஜீப்புக்குப் போடுவது விசர் வேலை என்று முத்துலிங்கம் சொன்னார். அது பிழையுமில்லை. லொறித்தகடு அகலம், தடிப்பு. வேறு எவருடைய ஜீப்புக்கும் போட்டால் முதல் பள்ளத்திலேயே முதுகெலும்பு கழன்றுவிடும். இனிப் பரீட்சை பார்க்க நாளும் இல்லை, தர்மிளாவுக்கு எட்டாம் மாதம் பிறந்துவிட்டது. வடிவம்மா கோழிகளை விரட்டிவிட்டு லொறியில் ஏறினாள். அது இரண்டு விரல் தாழ்ந்தது. இது போதும், இதையே வெட்டுங்கள் என்றாள். காய்ச்சி வெட்டினால் ஒரு நாளில் முடியுமே என்று முத்துலிங்கம் கேட்டதற்கு யோகநாதன் ஒத்துக்கொள்ளவில்லை.

"நெருப்புக் காட்டினா இரும்பு எல்லாத்தையும் மறந்து போகும்," என்றார்.

பட்டறைக்காரர் எவரும் சொல்லக்கூடிய வார்த்தைதான். நெருப்பில் காய்ந்த தகட்டில் உரம் நிற்காது. அவர் கல்லில் வைத்துத் தண்ணீர் ஊற்றி ஊற்றி, சூடேறாமல், ஐந்து நாள் தேய்த்தார். ஒன்பது தகட்டில் நாலை எடுத்து, ஓரம் குறைத்து, தகட்டு நுனியில் உள்ள கண்ணுக்குள் சிறிய உருளைப் புஷ் அடித்துப் பொருத்தினார். வடிவம்மா ஏறினாள். இரண்டு விரல். முத்துலிங்கம் ஏறினார், இன்னும் இரண்டு. மனுசன் தன் பாரத்தைத் தானே கண்டு சிறுபிள்ளை மாதிரி இறங்கி இறங்கி ஏறினார். வடிவம்மாவின் கோபம் தீரவில்லை. இத்தனை வருசம் எங்கே போனாய் என்று அந்த இரும்பைக் கேட்டாள்.

மார்கழி பதினெட்டாம் நாள் காலை, மழைக்குள், அந்தக் காணி அலுவலர் வாடகைக்கு ஜீப் பேசி முன்னிருக்கையில் வந்து இருந்தார், மடியில் கோப்புப் பை. இரண்டரை விரல் தாழ்ந்தது. அந்த நேரம் பார்த்துத் தர்மிளாவுக்குப் பன்னீர்க்குடம் உடைந்தது. வடிவம்மா அலுவலரை இறக்கினாள். பையை அவர் கையிலிருந்து வாங்கி வாசலில் கிடந்த கதிரையில் வைத்தாள். அவரும் ஆஸ்பத்திரி வழியால்தானே போகவேண்டும், பின்னால் ஏறட்டும் என்றாள். அவர் ஏறினார், இரண்டு விரல். தர்மிளாவைத் தாங்கி ஏற்றினார்கள். வடிவம்மா மழையில் குனிந்து, பழக்கத்தில், மட்காட்டுக்குள் கையை வைத்தாள். தர்மிளாவுக்கு இரண்டு, அதற்கு மேலே இன்னும் ஓர் அரை விரல். எட்டிப் பார்த்த அலுவலர், அந்த அரை தன்னுடைய பைக்குரியது என்றார்.

"உங்கட பை கதிரையில கிடக்கு ஐயா. இது பிள்ளை. எழுதுங்கோ," என்றாள் வடிவம்மா.

எழுதுவதற்கு அவரிடம் பை இருக்கவில்லை. பாதை முழுவதும் அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வாய்க்கால் மேட்டில் ஜீப் தண்ணீரில் தோணி போகிறமாதிரி ஏறி இறங்கியது. தர்மிளா அம்மாவின் தோளில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்தாள். பெண் பிள்ளை, இரண்டு கிலோ தொளாயிரம். பிள்ளையை நிறுத்த தாதியிடம் எதற்காவது ஏதும் வெட்டினீர்களா என்று வடிவம்மா கேட்டாள். இல்லை என்று சொன்ன பிறகும் இன்னொரு தரம் நிறுக்க வைத்தாள்.

நாற்பத்திரண்டு துண்டும் கோப்பில் இன்னும் ஆளில்லாக் காணிதான். ஒவ்வொரு திங்களும் வடிவம்மா அந்த அலுவலரின் கந்தோர் வாசலில் ஜீப்பை நிறுத்துவித்து, ஊராளை ஒவ்வொருவராக ஏற்றி இறக்கி, வந்து அளந்து பார்க்கச் சொல்லிச் சத்தம் போடுகிறாள். அலுவலர் மாற்றம் கேட்டு எழுதியிருப்பதாகக் கேள்வி. மற்றபடி ஊரில் பெண்கள் நாள் தள்ளிப்போனால் இப்போது முதலில் வடிவம்மாவின் வளவுக்குத்தான் வருகிறார்கள். போன மாதம் அப்படி வந்த சிவரூபி ஏறியபோது மூன்று விரல் தாழ்ந்தது. வடிவம்மா இரண்டு தரம் அளந்துவிட்டு, பிள்ளைத் துணியை இரட்டையாக வாங்கிவை என்றாள். சிவரூபி அன்று பின்னேரமே கிளிநொச்சிக்குப் போய் வாங்கிவந்தாள்.